திருகில் வைத்த சிவப்புப் பொட்டு

அந்தக் கன்னைக் கீழ வைக்காதீங்க, மடியிலயே வச்சுக்குங்க. பின்னாடி நிக்கிற ஆளு மாயனூர்ல ஏறினதுல இருந்து நம்ம காலடியையேதான் பாத்துக்கிட்டு வர்றாரு. அவரைச் சொல்லலை. பொதுவாச் சொல்றேன். பஸ்ஸுல நம்ம பொருளு நம்ம மடியில இருந்தாத்தான் நம்ம பொருளு.

கறிவேப்பிலையா? நாட்டுக் கன்னுன்னு சொல்லித்தான் குடுத்திருப்பான். எல்லாரும் அப்படித்தான் சொல்வான். கொண்டு போய் வச்சு, இலையைக் கசக்கி மோந்து பாருங்க. வாசனை வரலைன்னா திரும்பக் கொண்டு வந்து அவன் முன்னாடியே போடுங்க. எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கு. பின்னாடி குழாய்க்குப் பக்கத்துல ஒரு செம்பருத்தி, தள்ளிக் கறிவேப்பிலை, கடைசியா மதில் ஓரத்துல முருங்கை. குழாய்ல ட்யூபைச் சொருகி, நின்ன எடத்துல இருந்தே எல்லாத்துக்கும் தண்ணி காட்டிருவேன். செம்பருத்திக்கு நேராப் பிடிச்சாப் போதும். முருங்கைக்கு ட்யூப் மூக்கைக் கொஞ்சம் தூக்கணும். பக்கத்து வீட்டுக்காரி, தண்ணி அவ செவுத்துல அடிக்குதுன்னு சண்டைக்கு வந்தா. 'எனக்கா தெரியாது? எவ்வளவு தூக்கினா எங்க விழும்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்வேன், உன் செவுரு தானா ஊறுது'ன்னு சொல்லிட்டேன். அவ நம்பலை. நம்பாட்டிப் போறா.

நான் திருச்சிக்குத்தான். சத்திரம் பஸ் ஸ்டாண்டுல எறங்கி இன்னொரு பஸ் மாறணும். எதுக்குன்னா, சொல்றேன், கொஞ்சம் கிட்ட வாங்க. துப்பாக்கி சுடுற போட்டி. நானில்லை, எம் பொண்ணு. பவதாரிணின்னு பேரு, பன்னெண்டாவது படிக்கிறா. அவளுக்கு நான் வர்றது தெரியாது. 'நீ வராதம்மா'ன்னு வாயாலயே சொல்லிட்டா. பெத்தவளைப் பாத்து வராதேன்னா, அந்த வார்த்தை அவ வார்த்தையா இருக்குமா? யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க.

நான் கரூர்ல பெட்ஷீட் கம்பெனியில செக்கிங்கில இருக்கேன். எட்டாவதோட நின்னுட்டேன், ஆனா என் கண்ணுக்குத் தப்பி ஒரு பீஸ் வெளிநாடு போனதில்லை. நூல் பிசிறு, எண்ணெய்க் கறை, தையல் விட்டது, எங்க குறை இருந்தாலும் அந்த எடத்துல ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டி ஒதுக்கி வைக்கணும். அந்தப் பழக்கம் வீட்டுலயும் வந்துடுச்சு. எண்ணெய் பாட்டில்ல பேனாவால கோடு போட்டு வைப்பேன். சர்க்கரை டப்பாவைத் தட்டிச் சமமாக்கி, மேல விரலால ஒரு சுழி போட்டு மூடுவேன். யாராவது கை வச்சா சுழி கலைஞ்சிருக்கும். எங்க வீட்டுக்காரரு, 'உன் மண்டையிலயும் ஒரு கோடு போட்டு வை, குறையுதான்னு பாத்துக்கிட்டே இருக்கலாம்'ங்கிறாரு. சிரிக்கட்டும். போன தீபாவளிக்கு நெய்யைக் காலி பண்ணினது அவருதான்னு கண்டுபிடிச்சது அந்தக் கோட்டாலதான்.

துப்பாக்கிக்கு வர்றேன். பவா ஸ்கூல்ல என்.சி.சி.யில இருந்தா. அங்க அவ சுடுறதைப் பாத்துட்டு, பொண்ணுக்குக் கை நடுங்கலை, பயிற்சிக்கு அனுப்புங்கன்னு சொன்னாங்க. எபனேசர் மாஸ்டர்னு ஒருத்தரு, பட்டாளத்துல இருந்து வந்தவரு, அவருதான் சொல்லிக் குடுக்கிறாரு. சின்னத் தோட்டாதான், சுண்டுவிரல்ல பாதி இருக்கும். அடி விளிம்புல தட்டினா வெடிக்கிற ஜாதியாம். பாயிண்ட் டூ டூன்னு சொல்வாங்க. சத்தமும் பெருசா இல்லை, ஊறுகாய் பாட்டில் மூடி தெறிச்ச மாதிரிதான்.

பொண்ணுங்க சுடுறதுக்குத் தோதா அங்க ஒரே ஒரு ரைஃபிள். ரெண்டு பொண்ணுங்க மாத்தி மாத்திச் சுடணும். எம் பொண்ணு ஒருத்தி. இன்னொருத்தி ஸ்ருதிலயா. அவ அப்பாவுக்குப் பஸ்ஸுக்குப் பாடி கட்டுற பட்டறை. இந்த பஸ்ஸே அங்க கட்டினதா இருக்கும், சீட்டு எப்படி ஆடுது பாருங்க. மாநிலப் போட்டிக்கு எங்க பக்கத்துல இருந்து ஒரு பொண்ணுதான் போகலாம். ஒரு ரைஃபிள், ரெண்டு பொண்ணு, ஒரு எடம். நீங்களா இருந்தா சும்மா இருப்பீங்களா?

ரெண்டு பேரும் ஒட்டிக்கிட்டுத்தான் திரிவாங்க. ஒரே டப்பாவுல சாப்பிடுவாங்க. அதைப் பாத்தாத்தான் எனக்கு இன்னும் பயம்.

ரைஃபிள்ல பின்னாடி ஒரு சின்ன ஓட்டை இருக்கும், அது வழியாத்தான் குறி பாக்கணும். அதுக்கு சைட்டுன்னு பேரு. அது மேல ஒரு திருகு. ரேடியோவுல ஸ்டேஷன் மாத்துவோமில்லையா, அந்த மாதிரி. திருகினா டிக் டிக்குனு சத்தம் கேக்கும், ஓட்டை மேல ஏறும், கீழ எறங்கும். மாஸ்டர் பொண்ணுங்ககிட்ட, 'இதை நான்தான் திருகுவேன், நீங்க யாரும் தொடக் கூடாது'ன்னு கண்டிச்சு வச்சிருந்தாரு. அதைக் கேட்டதும் எனக்குப் பொறி தட்டிடுச்சு. தொடக் கூடாதுன்னா, தொட்டாக் காரியம் கெடும்னுதானே அர்த்தம்?

ஒரு ஞாயித்துக்கெழமை பவாவுக்கு இட்லி எடுத்துட்டுப் போனேன். கரூர்ல எடம் சின்னது, இருபத்தஞ்சு மீட்டர்தான், அங்கிட்டு மண்ணு கொட்டின செவுரு. அன்னைக்கு எம் பொண்ணு அடிச்சது அத்தனையும் நட்டநடுவுல. ரைஃபிள் பாய் மேல கெடந்தது, எல்லாரும் குறி அட்டையைப் பாக்கப் போயிட்டாங்க. நான் பவாவோட நெயில் பாலிஷை எடுத்து, திருகு மேல ஒரு பொட்டு, அதுக்கு நேரா சைட் மேல ஒரு பொட்டு வச்சுட்டேன். ரெண்டும் சேந்திருந்தா யாரும் தொடலை. பிரிஞ்சிருந்தா தொட்டாச்சு. இதுல என்ன தப்பு? மாஸ்டர் பாத்துட்டு, 'ஆயுத பூசைக்கு இன்னும் நாளு இருக்கே, யாரு பொட்டு வச்சது'ன்னு சிரிச்சாரு. காவல் வச்சதை ஊரைக் கூட்டியா சொல்வாங்க?

குளித்தலை வந்துடுச்சா? இந்தாளு எறங்குவாருன்னு பாத்தேன், எறங்கலை.

போட்டியில முதல் சுற்றும் திருச்சியிலதான் நடந்துச்சு. அங்க எல்லாம் அம்பது மீட்டர். முந்தின நாளே மாஸ்டர் ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போய் அந்த எடத்துல சுட வச்சுப் பழக்கிட்டு வந்தாரு. எனக்கு ஷிப்மெண்ட் நேரம், போக முடியலை. அங்க என்ன நடந்துச்சோ, யாரு கண்டா? மறுநாள் போட்டிக்கு லீவு போட்டுட்டு நானும் போனேன். முதல்ல ஸ்ருதிலயா சுட்டா. நல்லாத்தான் சுட்டா, அதைச் சொல்லணுமில்லையா? எல்லாம் நடுவுல. அவ முடிச்சதும் ரைஃபிளைக் கொண்டு வந்து பின்னாடி மேசையில வச்சாங்க. மாஸ்டர், யாரும் சுட முடியாதபடி அதோட போல்ட்டைக் கழட்டித் தன் பையில போட்டுக்கிட்டு, பேரு குடுக்கிற எடத்துக்குக் கெளம்பினாரு. பவா சுடுறவங்க போடுற அந்தக் கனத்த ஜாக்கெட்டை மாட்டப் போயிருந்தா. மாஸ்டர் என்னைப் பாத்து, 'அக்கா, இங்கயே நில்லுங்க. யாரையும் கிட்ட விடாதீங்க'ன்னாரு. அத்தனை பேர் நிக்கிறாங்க, என்னைத்தான் கூப்பிட்டாரு. ஆளைப் பாத்தாத் தெரியுமில்லையா?

நான் நின்னேன். நின்னுக்கிட்டே பொட்டைப் பாத்தேன். திருகு மேல இருந்த பொட்டு பாதி சுத்து சுத்திப் பின்னாடி போயிருந்துச்சு.

பாருங்க, இவ சுட்டு முடிச்சுட்டு, எம் பொண்ணு சுடப் போறப்ப மாத்தி வச்சிருக்கா. கத்தலாம்னு வாயைத் தொறந்தேன். கத்தினா போட்டியை நிறுத்திருவாங்க, இருக்கிறவங்கெல்லாம் பெரிய எடம், எம் பேச்சு எடுபடாது. அதனால ஒருத்தருக்கும் தெரியாம, முந்தானையால மறைச்சுக்கிட்டு, டிக் டிக்குனு திருகி, பொட்டையும் பொட்டையும் ஒண்ணா சேத்து வச்சுட்டேன். அப்பாடான்னு இருந்துச்சு. அப்புறம் மாஸ்டர் வர்ற வரைக்கும் ஒரு ஆளைக் கிட்ட விடலையே. ஒருத்தரு போட்டோ எடுக்க வந்தாரு, அவரையும் விரட்டிட்டேன்.

பவா படுத்துச் சுட்டா. பாத்துக்கிறதுக்கு முதல்ல கொஞ்சம் தோட்டா உண்டு, அது கணக்குல சேராது. அதுலயே எல்லாம் கீழ போச்சு. அவ திரும்பி மாஸ்டரைப் பாக்குறா. கயித்துக்கு இந்தப் பக்கம் நிக்கிறவரு வாயைத் தொறக்கக் கூடாதுன்னு சட்டமாம். திருகைத் தொடாதேன்னு சொல்லி வளத்த புள்ளை, தொடலை. அப்படியே சுட்டு முடிச்சா. அட்டையைக் கொண்டு வந்தாங்க. ஓட்டை எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணா, ஒரு பத்து ரூபாய்க் காசை வச்சா மறைஞ்சுரும், ஆனா நடுவுக்குக் கீழ. மாஸ்டர் அளந்து பாத்தாரு. ரெண்டு விரக்கடை.

'பொண்ணு பிரமாதமா சுட்டிருக்காக்கா. இவ்வளவு ஒண்ணா சேந்து விழுந்திருக்கு பாருங்க. இது கை பண்ணின தப்பில்லை, சைட் பண்ணினது'ன்னாரு. சொல்லிட்டு ரைஃபிளைப் பாத்தாரு. முகம் மாறிடுச்சு. 'யாரு தொட்டது?'

'நான்தான் நின்னேனே மாஸ்டர். ஈ, எறும்பு அண்டலை. தொட்டிருந்தா எனக்கு முன்னாடி தொட்டிருக்கணும்'னேன். சொல்லிட்டு ஸ்ருதிலயாவைப் பாத்தேன். பேரைச் சொல்லலை. பாத்தேன், அவ்வளவுதான். அதுக்கே அவ அழுதுட்டா. தப்பு பண்ணாதவ எதுக்கு அழுறா?

அவ அம்மா வசுமதி கைப்பையைத் தோளுக்கு ஏத்திக்கிட்டு வந்துச்சு. 'ஏங்க, எம் பொண்ணைத் திருடிங்கிறீங்களா?'

'நான் யாரையும் ஒண்ணும் சொல்லலையே, உங்களுக்கு எதுக்குக் குத்துது?'

'நீங்க பாத்த பார்வையே போதுமே. வீட்டுல சர்க்கரை டப்பாவுக்குக் காவல் போடுறவங்கதானே நீங்க. பவா எல்லாம் சொல்லியிருக்கா.'

பாருங்க, எம் பொண்ணு வாயைக் கிண்டி எம் வீட்டுச் சங்கதி எல்லாம் வாங்கி வச்சிருக்காங்க.

அன்னைக்கு டீக்கடையில வச்சு மாஸ்டர் எனக்கு ஒரு பாடம் எடுத்தாரு. துப்பாக்கியை விட்டு வெளிய வந்த நிமிசத்துல இருந்தே குண்டு கீழ எறங்க ஆரம்பிச்சுருமாம். கண்ணு பாக்குறது நேர்கோடு. குண்டு போறது வளைஞ்ச கோடு. அதனால குழலைக் கண்ணுக்குத் தெரியாத அளவு மேல பாக்க வச்சிருப்பாங்களாம். குண்டு மேல போய், எறங்கி வந்து, நாம குறி பாத்த எடத்துல விழும். எந்தத் தூரத்துல விழணும்னு முடிவு பண்ணி சைட்டைத் திருகி வைக்கிறதுக்குத்தான் ஜீரோ பண்றதுன்னு பேராம். டீ கிளாசுக்கு அந்தப் பக்கம் ஒரு விரல், இந்தப் பக்கம் ஒரு விரல் வச்சுக் காட்டினாரு. 'இருபத்தஞ்சுக்கு வச்சதை அம்பதுக்கு அப்படியே கொண்டு போனா ரெண்டு விரக்கடை கீழ போகும்க்கா. முந்தின நாள் நான்தான் அம்பதுக்கு ஏத்தி வச்சேன். இடையில யாரோ எறக்கியிருக்காங்க'ன்னாரு.

எனக்கு இன்னும் சந்தேகம் ஜாஸ்தியாயிடுச்சு. துப்பாக்கிக் குண்டு கீழ விழுமாம். சும்மா எறியிற கல்லா அது? அவ்வளவு வேகமாப் போறது எப்படி விழும்? நேராத்தான் போகும். இந்தாளு யாரையோ காப்பாத்தத்தான் விரலை வச்சுக் கதை விடுறாருன்னு நெனச்சேன். இல்லைன்னா தோட்டாவுலயே கலப்படம் இருக்கணும். அவளுக்கு ஒரு டப்பா, இவளுக்கு ஒரு டப்பான்னு குடுத்திருந்தா? நான் திருகைச் சரி பண்ணி வச்சும் கீழதானே போச்சு, அப்ப அவ வேற என்னமோவும் பண்ணியிருக்கான்னுதானே அர்த்தம்?

இதை நான் யார்கிட்டயும் சொல்லலை. உங்ககிட்டத்தான். நீங்க திருச்சியில எறங்கிப் போயிருவீங்க.

மறுநாள் காலையில பவா எங்கிட்ட வந்து, 'அம்மா, அந்த நெயில் பாலிஷை எங்கிட்ட குடு'ன்னா. எதுக்குடின்னேன். 'குடும்மா'ங்கிறா. ஏன்னு சொல்ல மாட்டேங்கிறா. என் வெரலையே பாக்குறா. திருகுறப்ப பொட்டு கொஞ்சம் உரிஞ்சு நக இடுக்குல சிவப்பா ஒட்டியிருந்துச்சு, அதைப் பாத்திருப்பா போல. அந்த பாட்டிலைக் குடுத்தா நாளைக்கு நான் எதை வச்சுக் காவல் காப்பேன்? தொலைஞ்சு போச்சுன்னுட்டேன். அவ அலமாரி, பரணு, அரிசி டப்பா எல்லாத்துலயும் தேடினா. கிடைக்கலை. நான் என் ஜாக்கெட்டுக்குள்ள சொருகி வச்ச பர்சுல இருக்கிறது எப்படிக் கிடைக்கும்?

அதுக்கப்புறம்தான் பெரிய கூத்து. வசுமதி போன் பண்ணுது. குரல்ல தேன் ஒழுகுது. 'உங்க பொண்ணு வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேட்டா. நாந்தான் தெரியாம திருகிட்டேன்னு மாஸ்டர்கிட்டயும் சொல்லிட்டாளாம். போகட்டும், சின்னப் புள்ளைங்க. நீங்க மனசுல வச்சுக்காதீங்க.'

எனக்கு உசுரே இல்லை. எம் பொண்ணு திருகலை. எனக்குத் தெரியும், திருகலை. திருகாத புள்ளை திருகினேன்னு எதுக்குச் சொல்லுது? மிரட்டியிருக்காங்க. வேற என்ன? 'யாருடி சொல்லச் சொன்னது'ன்னு உலுக்கினேன். 'யாரும் சொல்லலைம்மா. விடு'ன்னா. அவ்வளவுதான். அன்னைலேருந்து எங்கூடச் சரியாப் பேச்சில்லை. ஆனா, ராத்திரி சாப்பாட்டுக்கு எனக்கும் தட்டு எடுத்து வைக்கிறா. கோவமா இருக்கிறவ எதுக்கு வைக்கணும்? அதுதான் புரியலை.

மாஸ்டர் கறாரா சொல்லிட்டாராம். இன்னைக்குக் கடைசிச் சுற்று. பழைய கணக்கோட இதையும் சேத்துத்தான் ஆளை எடுப்பாங்க. இன்னொரு தடவை அந்தத் திருகு எடம் மாறியிருந்தா, பவா இனிமே அந்த ரைஃபிளைத் தொடவே முடியாதாம். மாநிலப் போட்டி போச்சு, அதை வச்சுக் காலேஜ்ல கிடைக்கிற சீட்டும் போச்சு. அதான் நான் கெளம்பிட்டேன். அந்தப் பட்டறைக்காரங்க வேனுல காலையிலயே எல்லாரும் போயாச்சு. நான் போய்ப் பின்னாடி கூட்டத்தோட நிப்பேன். மாஸ்டர் எப்படியும் எதுக்காவது அந்தப் பக்கம் போவாரு. பொட்டு எங்க இருக்குன்னு ஒரு பார்வை பாத்தாப் போதும். தள்ளியிருந்தா எடத்துக்குக் கொண்டு வந்துருவேன். பொட்டு அழிஞ்சிருந்தாலும் கவலையில்லை, பாட்டில் இந்தா பர்சுல இருக்கு. எம் பொண்ணுக்கு என்னை விட்டா யாரு இருக்கா?

என்னங்க, முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு? பஸ் ஒத்துக்கலையா? ஜன்னலைத் தொறங்க.

என்ன கேட்டீங்க? பொட்டு வச்சது கரூர்லயா திருச்சியிலயான்னா? கரூர்லதான். சொன்னேனே. இருபத்தஞ்சு மீட்டர். ஏன் கேக்குறீங்க? நீங்க யாரு? மாஸ்டருக்குத் தெரிஞ்சவங்களா? இல்லை, வசுமதிக்குச் சொந்தமா? கன்னை வாங்கிக்கிட்டு சும்மா வர்ற ஆளு மாதிரி இருந்துட்டு இவ்வளவு விவரமாக் கேக்குறீங்க. நான் பாட்டுக்கு எல்லாத்தையும் கொட்டிட்டேன்.

கோவமில்லை. கேளுங்க, கேளுங்க.

முருங்கையா? அதுக்கும் இதுக்கும் என்ன? ஆமா, முருங்கைக்குத் தூக்கிப் பிடிப்பேன். தூக்கி வச்ச ட்யூபை யாராவது வந்து செம்பருத்திக்குப் பிடிக்கிற மாதிரி எறக்கி வச்சா என்ன ஆகும்னா, என்ன ஆகும், தண்ணி முருங்கைக்குப் போகாது. முன்னாடியே எறங்கிரும். இது ஒரு கேள்வியா? சின்னப் புள்ளை சொல்லும்.

அந்த ஆளு எறங்கிட்டாரு பாத்தீங்களா. பெட்டவாய்த்தலை. பாவம், கால்ல கட்டு போட்டிருக்காரு. அதான் காலை வைக்க எடம் தேடிக் கீழயே பாத்துக்கிட்டு இருந்திருப்பாரு.

தண்ணி வேற, குண்டு வேற.

வேறதானுங்க?

நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். வாய்க்கால்ல தண்ணி நெறையப் போகுது, பாருங்க. முக்கொம்புல தொறந்திருப்பாங்க போல.

திருகலை, திருகலைன்னுதான் நானும் சொன்னேன் அவகிட்ட. நீ திருகலைடின்னு. 'எனக்குத் தெரியும்மா'ன்னா. அதைச் சொல்றப்ப என் வெரலைப் பிடிச்சுக்கிட்டு இருந்தா.

சத்திரம் வந்துடுச்சு. பையை எடுத்துக்குங்க, கன்னைப் பாத்து. நான் அங்க போவேன். போகாம? ஆனா உள்ள போக மாட்டேன். வெயிலு ஜாஸ்தி, எனக்குத் தலை சுத்தும். கேட்டுக்கு வெளிய ஒரு டீக்கடை இருக்கு, அங்க உக்காந்துக்குவேன். சுட்டு முடிச்சுட்டு அவ வெளிய வரட்டும்.

ஒண்ணு பண்ணுங்க. இந்த பாட்டிலை நீங்களே வச்சுக்குங்க. நீங்க என்னமோ சொன்னீங்கன்னு இல்லை. மூடி சரியில்லை, பர்சுல ஒழுகிரும், அதுக்குத்தான். நல்ல சிவப்பு, உங்க கைக்கு எடுப்பா இருக்கும். திரும்பி வர்றப்ப இதே பஸ்ஸுல பாத்தா குடுங்க, இல்லைன்னா வேண்டாம்.

ஆனா தொறந்து பூசிராதீங்க. எவ்வளவு இருக்குன்னு எனக்குத் தெரியும், பாட்டில் மேல கோடு போட்டிருக்கேன்.